கணக்கைக் கேட்க வந்த குடியானவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மைசூர் தசரா என்றதும் யானையும் அம்பாரியும்தான் பலருக்கும் கண்முன் வரும். எனக்கு 1881 தசராவை ஒட்டி, அக்டோபர் 7 அன்று அங்கே நடந்த ஒரு கூட்டம் நினைவுக்கு வரும். சமஸ்தானத்தின் தாலுகாக்களிலிருந்து 144 பேர் வந்திருந்தார்கள். நிலம் வைத்திருப்பவர்கள், வியாபாரிகள். அவர்கள் முன்னால் சமஸ்தானத்தின் முதன்மை அமைச்சரான திவான் ரங்காசார்லு நின்று, அரசாங்கத்தின் நிதிநிலையையும் செய்யப்போகும் வேலைகளையும் எடுத்துச் சொன்னார். வரி கட்டியே பழகிய குடியானவருக்கு, அந்தப் பணம் என்ன ஆகிறது என்று அரசாங்கமே சொன்ன நாள் அது. இந்திய தேசிய காங்கிரஸ் பிறக்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது.

ரங்காசார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மகாராஜா பத்தாம் சாமராஜ உடையாருக்கு அப்போது வயது 18. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஆங்கிலேயர் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 1831-இல் அவர்கள் அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணமாகச் சொன்னது என்ன தெரியுமா? வரிக்கொடுமை தாங்காமல் 'நகர்' என்ற பெயருள்ள பகுதியின் குடியானவர்கள் செய்த கலகம். ஐம்பது வருஷம் கழித்துக் கைக்கு வந்த நாடோ 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சிதைந்து கிடந்தது. சுமார் ஐந்தில் ஒருவர் செத்துப் போயிருந்தார்கள். கடன் 80 லட்சம் ரூபாய். இந்த நிலையில் மக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதைப் பெருந்தன்மை என்று மட்டும் நான் நினைக்கவில்லை. குடியானவன் வாய் திறக்க இடம் இல்லாவிட்டால் சிம்மாசனம் நிற்காது என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

பிரஜா பிரதிநிதி சபை என்று பெயர். வருஷா வருஷம் கூடியது. ஏரி மதகு பழுது, காட்டில் மாடு மேய்க்கத் தடை, ஊருக்குச் சாலை இல்லை என்று அவரவர் தாலுகாக் குறைகளைச் சொல்வார்கள். திவான் பதில் சொல்வார். நினைத்துப் பாருங்கள்: தாசில்தாரைப் பார்க்கவே நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஒருவர், திவானிடம் நேருக்கு நேர் கேட்கிறார், எல்லார் முன்னிலையிலும்! ஆனால் கேட்பதோடு சரி. சபை தீர்மானம் போட்டு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த முடியாது.

அப்புறம் வந்தவர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார். 1902-இல் முழு ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். 1907-இல் சட்ட மேலவை வந்தது. அவர் காலத்தில் நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 1918. அரசு வேலைகளில் பெரும்பங்கு பிராமணர்களிடமே இருக்கிறது, எங்களுக்கும் இடம் வேண்டும் என்று மற்றச் சமூகத்தினர் மகாராஜாவிடமே முறையிட்டார்கள். அவர் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடில்லை. பதவி விலகினார். அவ்வளவு திறமையான திவானை இழப்பது எந்த அரசருக்கும் லேசான காரியம் இல்லை. இருந்தும் மகாராஜா பின்வாங்கவில்லை. ஏழு வருஷத்துக்குள் மேல்பதவிகளில் பாதியாவது, கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்காவது பிராமணரல்லாதாருக்கு என்று குழு சொன்னது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசு, அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணையை 1921-இல் போட்டதோடு இதைச் சேர்த்துப் படித்தால், தென்னாடு முழுக்க ஒரே கேள்வி எழுந்திருந்தது விளங்கும்.

1923-இல் இன்னொரு மாற்றம். அதுவரை பிரதிநிதி சபை ஓர் உத்தரவில் பிறந்தது, இன்னொரு உத்தரவில் மறைந்துவிடக் கூடியது. இப்போது அதற்குச் சட்டம் வந்தது. புது வரி போடுமுன் சபையைக் கேட்க வேண்டும். பட்ஜெட் பற்றித் தீர்மானம் கொண்டு வரலாம். பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கும் விதியும் போனது. அரசர் மனம் வைத்துக் கொடுத்தது வேறு, சட்டப்படி கேட்டு வாங்குவது வேறு. அந்த வித்தியாசத்தை உணர்ந்து செய்த அரசரை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் கடைசிப் படியை அவர் ஏறவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. திவானை வைப்பதும் எடுப்பதும் மகாராஜாதான். சபையின் நம்பிக்கையை இழந்தால் திவான் போக வேண்டும் என்ற நிலை வரவே இல்லை. 1938 ஏப்ரலில் சமஸ்தானத்தைச் சேர்ந்த விதுராஸ்வத்தம் என்ற ஊரில் காங்கிரஸ் கொடியேற்றக் கூடிய ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. ஐம்பத்தாறு வருஷத்துக்கு மேல் சபை நடத்திய அரசாங்கத்தின் போலீஸ்! அந்தச் செய்தியைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

மைசூரில் பெரிய கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ரங்காசார்லு நினைவாகக் கட்டிய டவுன்ஹால் இருக்கிறது. அவர் சபையைத் தொடங்கி இரண்டு வருஷம் முடிவதற்குள், 1883 ஜனவரியில் காலமானார். மக்களின் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி கேட்டு 1947 செப்டம்பரில் ஜனங்கள் 'மைசூர் சலோ' (மைசூருக்குப் போவோம்) என்று தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் கே. சி. ரெட்டியின் அமைச்சரவை பதவி ஏற்றது. முதல் சபை கூடிய அக்டோபரிலிருந்து எண்ணினால் 66 வருஷம்.

வணக்கம்.