கழுத்துப்பட்டியின் மறுபக்கம்

நடுவர் அவர்களே, என் அணித் தோழியரே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பாண்டிருப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் வந்து, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: "பழைய உடுப்பை வீட்டில் தைத்து மாற்றுவதா, ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குவதா, எது நம் குடும்பங்களுக்கு நல்லது?" தைத்து மாற்றுவதே நல்லது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். கல்முனை பசாரில் ஆயிரம் ரூபாய்க்கு டீசேட் தொங்கும்போது ஊசி நூல் எடுத்துக் கண்ணைக் கெடுப்பானேன் என்றார். பழையதை இல்லாதவருக்குக் கொடுத்தால் புண்ணியம் என்றார். எல்லோரும் பழையதையே தைத்து உடுத்தினால் மருதமுனைத் தறிக்காரரும் கார்மெண்டுக்குப் போகும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவது என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குச் சபை கைதட்டியது. தட்ட வேண்டிய கேள்விதான். அதற்கு வராமல் நான் இறங்க மாட்டேன்.

முதலில் அந்த ஆயிரம் ரூபாய் டீசேட். நானும் வாங்கியிருக்கிறேன். நாலு தரம் தோய்த்ததும் பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் திரும்பி வந்து நிற்கும். கழுத்து வாய் பிளக்கும். மூன்றாம் மாதம் அது அடுப்படித் துணி, நாலாம் மாதம் இன்னொரு ஆயிரம் ரூபாய். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அது மலிவா, அண்ணே?

சரி, காசை விடுவோம். ஒரு பருத்தி டீசேட்டுக்கு வேண்டிய பருத்தி விளைந்து, நூலாகி, சாயமேறி வருவதற்குள் சுமார் 2700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் மேலே ஏற்றி வைத்திருக்கிறோமே 1000 லீற்றர்த் தாங்கி, அதில் ஏறக்குறைய மூன்று. பொலியெஸ்டருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம் என்பீர்கள். அது பிளாஸ்டிக். வளவுக்குள் புதைத்தால் உக்காது, கொளுத்தினால் உருகிச் சொட்டும். தூக்கி எறிந்தால் எங்கேயோ போய்விடும் என்று நினைக்கிறோம். வாவியில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், அது எங்கே போகிறது என்று சொல்வார்கள்.

இப்போது ஒரு சேட்டைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். எங்கள் அப்பா எழுதுவினைஞர். கந்தோருக்குப் போட வெள்ளைச் சேட் மூன்று வைத்திருந்தார். ஒரு சேட் முதலில் எங்கே தேயும்? முதுகிலோ கையிலோ அல்ல, கழுத்துப்பட்டி மடியும் விளிம்பில். தாடி மயிர் உரசி, வேர்வை ஊறி, அந்த ஒரு கோடு மட்டும் நார் நாராகப் பிரியும். மற்ற இடமெல்லாம் நேற்று வாங்கியது போல இருக்கும். அந்த ஒரு கோட்டுக்காக முழுச் சேட்டையும் எறிகிறோம்.

அம்மா எறியவில்லை. "இஞ்ச வா மனே, இதப் பாத்து வெச்சுக்க" என்று என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, சவர அலகின் நுனியால் கழுத்துப்பட்டியும் அதன் கீழ்ப்பட்டையும் சேரும் தையலை மட்டும் ஒவ்வொரு கண்ணாக அறுத்தார். பட்டி கையோடு கழன்று வந்தது. அதை அப்படியே மறுபக்கம் திருப்பினார். தேய்ந்த முகம் கீழே போனது. இத்தனை வருடமும் வெளிச்சம் படாமல் கிடந்த அடிப்பக்கம் மேலே வந்தது, பளிச்சென்ற வெள்ளை. பட்டியின் நடுவையும் கீழ்ப்பட்டையின் நடுவையும் குண்டூசியால் பொருத்தி, திரும்பவும் உள்ளே செருகி, பழைய ஊசித் துளைகளின் மேலேயே தைத்துக்கொண்டு போனார். புதிதாக அளவெடுக்க வேண்டியதில்லை, அந்தத் துளைகளே வழி காட்டும். முக்கால் மணித்தியாலம் ஆனது. அந்தச் சேட் இன்னும் இரண்டு வருடம் கந்தோருக்குப் போனது.

பிறகு அதே சேட் எனக்குச் சட்டையாகியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தைக்கத் தொடங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சேட்டின் முன்பக்கத்தில் தெறியும் துளையும் வரிசையாக ஏற்கெனவே இருக்கின்றன. பிள்ளைச் சட்டைக்கு அதை முதுகுப் பக்கமாக வைத்து வெட்டினால், தையலிலே கஷ்டமான வேலையான தெறித்துளை போடுவது மிச்சம். தலையணை உறைக்கும் அதே வழிதான். பூட்டிய சேட்டின் முன்பக்கத்தில் ஒரு சதுரம், முதுகுப் பக்கத்தில் ஒரு சதுரம், நல்ல பக்கங்களை உள்ளே வைத்து நாலு பக்கமும் தைத்து, தெறியைக் கழற்றி அந்த வாசலால் வெளியே புரட்டினால் வேலை முடிந்தது. ஒரு பின்னேரம் போதும்.

பாடசாலை வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய அந்த வருடம், புதுச் சட்டை வாங்குவது எத்தனை வீடுகளில் தள்ளிப் போனது? கீழ்விளிம்பில் நாலு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டுத் தைத்த வீடுகள் அந்த மடிப்பை அவிழ்த்தன. பழைய மடிப்புக் கோடு தெரிந்த இடத்தில் ஒரு சின்ன மடிப்புத் தையல் ஓட்டினால் அது அலங்காரம் போலவே நின்றுவிடும். பிள்ளை தலை நிமிர்ந்து பள்ளிக்குப் போனது.

"நேரம் எங்கே இருக்கிறது, இதையும் பெண்களின் தலையிலா கட்டுகிறீர்கள்?" என்று எதிரணி அக்கா கேட்டார். அக்கா, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கல்முனை பசாரில் கடை வாசலில் மெசின் போட்டு மிதிப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். காசு வருகிற இடத்தில் தையல் ஆணுக்கு வரும் என்றால், வீட்டில் தன் தெறியைத் தானே தைக்கவும் வரும். என் மகனுக்குப் பத்து வயது. ஊசியில் நூல் கோத்து, தெறிக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவான். அவன் தைத்த தெறி அறுவதில்லை.

நேரம் என்ற பேச்சோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகும், 2009-இல் யுத்தம் முடிந்த பிறகும், வாழ்வாதாரம் என்று நம் பக்கத்து வீடுகளுக்குத் தையல் மெசின்கள் வந்தன. எத்தனை மெசின் இன்று மூலையில் பழஞ்சீலை மூடி நிற்கிறது? அதன் தலையில் மீன் சட்டி இல்லாத வீடு இருந்தால் சந்தோஷம். சக்கரத்துப் பட்டி அறுந்திருக்கும், எண்ணெய் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு துளி மெசின் எண்ணெயும் ஒரு புதுத் தோல் பட்டியும் போட்டால் திரும்ப ஓடும். அந்த மெசின்களைத் திரும்ப ஓட விடுங்கள், இதை நான் மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

இனி, கொடுப்பது புண்ணியம் என்ற பேச்சு. அண்ணே, வாங்குகிற பக்கத்தில் நின்றவள் நான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த நாட்டில் கடல் அதிக உயிர்களைக் கொண்டுபோனது நம் அம்பாறை மாவட்டத்தில்தான், இந்தச் சபைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம் இருந்தோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ லொறியில் உடுப்பு வந்தது. கொடுத்த கைகள் நல்ல கைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொதியை அவிழ்த்தால் குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டு, மொத்த ஸ்வெட்டர், குதியுயர்ந்த சப்பாத்து. நம் கடற்கரையில் யார் போடுவது? மைதான ஓரத்தில் குவிந்து, மாரி மழையில் ஊறிக் கிடந்தது.

அம்மா அந்தக் குவியலிலிருந்து ஒரு கோட்டை இழுத்து எடுத்தார். பக்கத்து வகுப்பறை மாமியிடம் ஊசி இருந்தது, நூல் யாரிடமும் இல்லை. அம்மா கோட்டின் உள்துணித் தையலை ஒரு முனையில் கடித்து அறுத்து, மெல்ல மெல்ல இழுத்து, அந்தத் தையலிலிருந்தே நூலை உருவினார். சில இடத்தில் ஒரு முழம் வந்தது, சில இடத்தில் ஒரு சாணில் அறுந்தது. அறுந்ததையும் வீணாக்கவில்லை, மடியில் போட்டு வைத்தார். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருந்த உள்துணி எனக்குச் சட்டையானது. கம்பளி, அந்த ஈரச் சீமெந்துத் தரையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கிடத்த விரிப்பானது. வந்தது கோட்டு, அது எங்களுக்கு உடுப்பானது தைக்கத் தெரிந்த ஒரு கையில் பட்ட பிறகுதான்.

அதனால் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். தெறி அறுந்தால் தைத்து, கிழிசலை அடைத்து, தோய்த்து, மினுக்கிக் கொடுங்கள். நீங்கள் உடுத்த வெட்கப்படும் நிலையில் இன்னொருவர் கையில் வைக்காதீர்கள்.

கைதட்டல் வாங்கிய கேள்விக்கு வருகிறேன். மருதமுனைத் தறிக்காரர் என்ன செய்வார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உடுத்தியிருந்தது மருதமுனைச் சாரம், நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே துணி அது. உப்புத் தண்ணீரில் ஊறி, சேற்றில் புரண்ட அதைத்தான் தோய்த்துத் தோய்த்து அப்பா முகாமில் உடுத்தினார். ஆறேழு வருடத்தில் உட்காரும் இடம் நைந்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் வலை போலத் தெரியும். பழைய துணியைச் சோதிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. வலை தெரியும் இடத்தில் ஊசி போடக் கூடாது, தையலோடு கிழிந்துவிடும். அம்மா அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப மூட்டினார். சாரத்தின் சுற்றளவு தாராளம், ஒரு சாண் குறைந்தால் தெரியாது. இன்னும் நாலைந்து வருடம் உடுத்தினார்.

அந்தத் துணி ஏன் அத்தனையும் தாங்கியது? தறியில் ஒழுங்காக நெய்த பருத்தி என்பதால். அதன் கரை பிரியாது. தையலைப் பிரித்தால் ஊசி போன துளை ஒரு தோய்ப்பில் மூடிக்கொள்ளும். இரண்டு முகமும் ஒன்று போல இருக்கும், எந்தப் பக்கத்தையும் திருப்பலாம். அந்த ஆயிரம் ரூபாய் டீசேட்டைப் பிரித்துப் பாருங்கள், வெட்டிய விளிம்பு அங்கேயே சுருளும். இந்த வித்தியாசம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது, துணியைப் பிரித்துத் தைத்த விரலுக்குத் தெரியும். தைக்கிற வீடு அடுத்த துணி வாங்கப் போகும்போது தறித்துணியைத்தான் தேடும். கொஞ்சம் விலை கூடினாலும் கொடுக்கும், ஏனென்றால் அந்தத் துணிக்கு மூன்று ஆயுள் என்று அதற்குத் தெரியும். தறிக்காரச் சகோதரர்களே, உங்களை நெருக்குவது எங்கள் ஊசியா, கொள்கலனில் வந்து இறங்கும் மலிவுத் துணியா, நீங்களே சொல்லுங்கள்.

கார்மெண்ட் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டார் அண்ணன். அவர்கள் தைப்பதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. பாண்டிருப்பில் ஒரு கழுத்துப்பட்டியைத் திருப்புவதால் அந்த வேலை போகாது.

எல்லாவற்றையும் தைத்து மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. இலாஸ்டிக் செத்தது, உள்ளுடுப்பு, வலையாகிப்போனது, இவற்றைத் தொடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வேலை கோணலாகத்தான் வரும், அதற்காகவே எறியப்போகும் துணியில் தொடங்குங்கள். ஜீன்ஸ் தைப்பதென்றால் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள், மடிப்பு மொத்தமான இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி முறியாது.

மணி அடிக்கப் போகிறார்கள், ஒன்றே ஒன்று. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் பொலித்தீன் பைக்குக் காசு வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசு போவதில்லை. அப்பாவின் சாரம் உடுத்த முடியாமல் போன பிறகு, மிஞ்சிய நல்ல துணியில் நான் ஒரு பை தைத்தேன். இதோ என் கையில் இருப்பது. ஓரங்களை முதலில் வெளிப்பக்கமாகத் தைத்து, புரட்டி, திரும்ப உள்பக்கமாகத் தைத்திருக்கிறேன், பிசிறு ஒன்றுகூட வெளியே தெரியாது. கைபிடி சேருமிடத்தில் சதுரமாக ஒரு தையல், அதன் நடுவே குறுக்குத் தையல் இரண்டு. ஐந்து கிலோ அரிசி வைத்து தினமும் தூக்குகிறேன்.

நடுவர் அவர்களே, இந்தப் பையை உங்கள் மேசைக்கு அனுப்புகிறேன். உள்ளே புரட்டி, தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பையை மட்டும் எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.