மூன்று பூட்டுப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கந்துவட்டிக்காரர் யாராவது போலீஸில் மாட்டினால், பேப்பரில் 'நவீன ஷைலாக்' என்று தலைப்புப் போடுவது நம் ஊரில் பழகிப்போன விஷயம். உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத் துணைப்பாடமாக ஷேக்ஸ்பியர் நாடகமான வெனிஸ் வணிகன் கதையைப் படித்திருப்பீர்கள். கடன் திரும்பி வரவில்லை என்றால் ஒரு பவுண்டு சதையை அறுத்துத் தா என்று கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிற யூதக் கிழவர். நான் ஆசிரியராக இருந்தபோது அந்தக் கதையை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து கேட்டான்: "சார், ஊரே காறித் துப்புது. அந்த ஆள் வட்டித் தொழிலை விட்டுட்டு விவசாயம் பண்ணப் போயிருக்கலாம்ல?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் உண்மை. பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்ததெல்லாம் அந்தப் பையனுக்குப் பதில் தேடித்தான். இன்றைக்கு இங்கே பேச வந்ததும் அதைத்தான்.

முதலில் ஒரு வேடிக்கை. அந்த நாடகம் எழுதப்பட்டது 1590களில். இங்கிலாந்திலிருந்து யூதர்களை மொத்தமாக வெளியேற்றியது 1290இல். முந்நூறு வருஷமாக அந்த நாட்டில் வெளிப்படையாக யூதராக வாழ யாருக்கும் அனுமதி கிடையாது. நாடகம் பார்க்க வந்த லண்டன்காரர்களில் பெரும்பாலோர் யூதர் என்று தெரிந்து ஒருவரோடு பேசியிருக்கவே மாட்டார்கள். ஆனாலும் ஷைலாக் மேடைக்கு வந்ததும் இவர் யார், எப்படிப்பட்டவர் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஆளே இல்லாத ஊரில் ஆளைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் முந்நூறு வருஷம் எப்படி உயிரோடு இருந்தது?

எல்லாரும் சொல்கிற பதில் மதம். இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழி. அது பொய்யில்லை. சிலுவையில் அறைந்தது ரோமானிய அரசு. ஆனால் மத்தேயு சுவிசேஷத்தில் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று கூட்டம் கத்துகிற ஒரு வரி வருகிறதே, அந்த வரி தலைமுறை தலைமுறையாக மக்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சரி. ஆனால் அதே திருச்சபையில்தான் அகஸ்டின் என்ற பழைய இறையியலாளர், யூதர்களைக் கொல்லாதீர்கள், நம் வேதத்துக்கு அவர்களே சாட்சி என்று எழுதினார். தாழ்த்தி வைக்கலாம், அழிக்கக் கூடாது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பல நூற்றாண்டு ஓடியது. 1084இல் ஜெர்மனியில் ஸ்பையர் நகரத்து பிஷப் யூதர்களைத் தானே அழைத்துக் குடிவைத்தார். அவர்கள் வந்தால் ஊரின் பெருமை ஆயிரம் மடங்கு கூடும் என்று சாசனத்திலேயே எழுதினார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1096இல், ஜெருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப் படைகள் அதே ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் ஊர்களில் யூதக் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தன.

ஆக, பழி பழையது, வெட்டு புதிது. நடுவில் என்ன சேர்ந்தது? நான் பிடித்துக்கொண்டு தொங்குகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலிக்கு முன்னால் மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது கடன் பத்திரம். நம் பாஷையில் புரோநோட்டு.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் நிலம் வேண்டுமென்றால் ஒரு பிரபுவுக்கு முன் மண்டியிட்டுக் கிறிஸ்தவ முறையில் சத்தியம் செய்ய வேண்டும். கைத்தொழில் செய்ய வேண்டுமென்றால் தொழில் சங்கத்தில் சேர வேண்டும். அந்தச் சங்கத்துக்கு ஒரு புனிதர், ஒரு திருவிழா, ஒரு பூசை. யூதருக்கு அங்கே இடம் ஏது? இன்னொரு பக்கம், கிறிஸ்தவர் வட்டிக்கு விடுவது பாவம். ஊரறிந்த வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்று 1179இல் திருச்சபைச் சங்கமே தீர்மானம் போட்டது. ஆனால் கோட்டை கட்டப் பணம் வேண்டும், கோயில் கட்டவும் பணம் வேண்டும். மூடாமல் விட்ட ஒரே கதவு வழியாக யூதர்கள் உள்ளே போனார்கள். எல்லா யூதரும் வட்டிக்கு விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் பெரும்பாலோர் ஏழைகள். அதேபோல இத்தாலிய வணிகர்களும் வேறு பெயரில் வட்டி வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் பெயர் ஒட்டியது ஒருவருக்குத்தான்.

இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் ஆரோன் என்று ஒரு யூதர். மடங்கள், பிரபுக்கள், ராஜா, அத்தனை பேரும் அவரிடம் வாங்கினார்கள். அந்த நாளில் ஒரு பவுண்டுக்கு வாரம் இரண்டு பென்னி வட்டி என்பது சாதாரணம். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பத்து மூன்று. வாரவட்டி கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1186இல் ஆரோன் இறந்தார். சொத்து யாருக்குப் போனது? பிள்ளைகளுக்கு என்று நினைப்பீர்கள். ராஜா இரண்டாம் ஹென்றிக்குப் போனது! நானூற்றுச் சொச்சம் பேர் தர வேண்டிய ஏறக்குறைய 15,000 பவுண்டு கடன். அதை வசூலிக்கவே அரசுக் கணக்கு அலுவலகத்தில் தனிப் பிரிவு வைத்தார்கள், 'ஆரோன் பிரிவு' என்று. கையில் கிடைத்த ரொக்கத்தைப் பிரான்ஸ் சண்டைக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், கப்பல் கடலில் மூழ்கியது. அது தனிக் கதை. இதைக் கேளுங்கள்: சட்டப்படி யூதர் ராஜாவின் உடைமை. கொடுத்த கை யூதருடையது, கடைசியில் வாங்கிய கை ராஜாவுடையது. ஆனால் கடன்பட்டவர் கண்ணில் பட்ட முகம் எது?

இப்போது யார்க் நகரத்துக்கு வாருங்கள். 1190, மார்ச். ராஜா ரிச்சர்ட் சிலுவைப் போருக்குக் கிளம்பிவிட்டார். ஊரில் ஒரு கூட்டம் கிளம்பியது. முன்னால் நின்ற பிரபுக்களில் ஒருவர் ரிச்சர்ட் மாலெபிஸ். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் அவர் பெயரை லத்தீனில் 'கெட்ட மிருகம்' என்றே எழுதி வைத்தார். ஆரோன் கணக்கில் மாலெபிஸுக்குக் கடன் பாக்கி இருந்தது. யூதர்கள், சுமார் நூற்றைம்பது பேர், ராஜாவின் மரக் கோபுரத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். பல நாள் முற்றுகை. 16ஆம் தேதி இரவு, வெளியே போனால் கட்டாய ஞானஸ்நானம் அல்லது சாவு என்ற நிலையில், குடும்பத் தலைவர்கள் மனைவி மக்களைத் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் செத்தார்கள். காலையில், மதம் மாறுகிறோம் என்று நம்பி இறங்கி வந்த மிச்சம் பேரையும் வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பேராலயத்துக்குப் போனது. யூதர்களின் கடன் பத்திரங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேதான் வைத்திருந்தார்கள். அத்தனையையும் வாங்கி, கோயில் தரையிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். மத வெறி மட்டும்தான் என்றால் பத்திரம் எதற்கு?

என் மகள் அந்த நாட்டில் இருந்தபோது யார்க் போய்ப் பார்த்தேன். மரக் கோபுரம் அன்றே எரிந்துவிட்டது, பிற்பாடு கட்டிய கல் கோபுரம் மேட்டின்மேல் நிற்கிறது. மார்ச் மாதம், சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூ. குனிந்து எண்ணினேன், ஆறு இதழ். யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரத்தை நினைத்து நட்டார்களாம். பக்கத்தில் ஒரு புதுமணத் தம்பதி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜா என்ன செய்தார்? ஊர்க்காரர்கள்மேல் அபராதம், யாருக்கும் தூக்கில்லை. ஆனால் 1194இல் பத்திரத்துக்கு ஒரு ஏற்பாடு வந்தது. இனிமேல் கடன் பத்திரத்தை, அந்த நாளில் எழுதப் பயன்பட்ட தோல் ஒன்றிலேயே இரண்டு முறை எழுதி நடுவில் வெட்ட வேண்டும். ஒரு பாதி கொடுத்தவரிடம். மறு பாதி ஊர்ப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி யூதர்களிடம், ஒன்று கிறிஸ்தவர்களிடம், ஒன்று ராஜாவின் குமாஸ்தாவிடம். மனிதர் செத்ததுக்கு வராத ஏற்பாடு, தோல் எரிந்ததுக்கு வந்தது! எந்த யூதருக்கு எவ்வளவு வரவேண்டும் என்று இப்போது ராஜாவுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், அதற்குத் தக்கபடி வரி போடுவார். 1210இல் ஜான் ராஜா பிரிஸ்டல் நகரத்து யூதர் ஒருவரிடம் பத்தாயிரம் மார்க் கேட்டு, தரும்வரை நாளுக்கு ஒரு பல்லைப் பிடுங்கச் சொன்னார், ஏழு பல் போன பிறகு எட்டாம் நாள் கட்டினார் என்று ஒரு துறவி எழுதியிருக்கிறார். கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம், பிழிந்தது நிஜம். மேலே பிழியப் பிழிய யூதர் கீழே நெருக்கினார். கீழே இருந்தவர் பார்த்தது யூதரை. மறுபடி சொல்கிறேன், பெட்டியை மறந்துவிடாதீர்கள்.

பிழிய ஒன்றும் மிஞ்சாதபோது, 1290 ஜூலையில் எட்வர்ட் ராஜா வெளியேறு என்றார். அதற்குக் கைமாறாக நாடாளுமன்றம் கொடுத்த வரி ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பவுண்டுக்கு மேல். கிளம்பிய ஒரு படகை தேம்ஸ் முகத்துவாரத்தில் மணல் திட்டில் நிறுத்தி, காற்றாட இறங்கி நில்லுங்கள் என்றார் மாலுமி. கடல் ஏறியது. கடலைப் பிளந்த மோசேயைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்களை மூழ்க விட்டுப் படகைச் செலுத்தினார். அவரைத் தூக்கிலிட்டதாகப் பழைய ஏடுகள் சொல்கின்றன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். பாதிக் காகிதம் கையிலேயே இருக்கிறது! வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1349 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பூர்க். கொள்ளைநோய் ஊருக்குள் வரும் முன்னாலேயே, கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்களை நூற்றுக்கணக்கில் எரித்தார்கள். யூதரும் அதே நோயில்தான் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட் ஆணை போட்டும் கேட்பாரில்லை. அங்கேயும் கடனெல்லாம் ரத்து, ரொக்கத்தைப் பங்கு போட்டார்கள். அவர்களைக் கொன்ற விஷம் அவர்கள் பணம்தான் என்று அந்த ஊர் வரலாற்றாசிரியரே எழுதினார். அப்புறம் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய புத்தகம், அதை விட்டுவிடுகிறேன். 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகைக்காரர், இது மதமே இல்லை, இனம் என்று சொல்லி, யூத எதிர்ப்புக்கு ஒரு புதுப் பெயரையும் பரப்பிச் சங்கம் தொடங்கினார். அதுவரை ஞானஸ்நானம் வாங்கியாவது பலர் தப்பித்தார்கள், அந்த வழியும் அடைபட்டது. இதற்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.

பையன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். 1275இல் எட்வர்ட் ராஜா வட்டித் தொழிலைத் தடை செய்தார். ஏழு வயசானால் உடையில் மஞ்சள் அடையாளத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதே சட்டத்தில், யூதர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பண்ணலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரியில், இந்த அனுமதி இன்றிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. பதினைந்தாவது வருஷம், 1290.

வணக்கம்.