பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூர் வரை வந்த குளவி! மரவள்ளிக்கு மருந்து அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம்! சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டிருப்பவர்கள் யாராவது இப்போது மருந்து கலக்கிக்கொண்டிருந்தால், அதை அப்படியே வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். உங்கள் காட்டில் கூலி வாங்காமல் ஒரு குளவி வேலை செய்துகொண்டிருக்கலாம். தெரியாமல் அதையும் சேர்த்துக் கொன்றுவிடாதீர்கள்.

பிரச்சினை மாவுப்பூச்சி. மரவள்ளியைக் குறிவைக்கும் இந்த இனம் இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளாவின் திருச்சூரில் தென்பட்டது, அப்புறம் சேலம், நாமக்கல் என்று இறங்கிவிட்டது. நுனிக் கொழுந்து சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாக நிற்கும், கணு நெருங்கும், செடி வளராது. கிழங்குக்கு பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்த்து விலை போடும் ஊரில் செடி குன்றிப்போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(திரையில்: உலக வரைபடம்)

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியை நம்பியே சாப்பிட்ட நாடுகளைக் கலங்கடித்தது. இதற்கு எதிரி எங்கே இருக்கும் என்று தேடிப் போனார்கள். பூச்சியின் பூர்வீகமான தென் அமெரிக்காவில், பராகுவே நாட்டில், 1981-இல் மாட்டியது அனாகிரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவி. கடுகை விடச் சிறியது, நம்மைக் கொட்டாது. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். அந்தக் குளவியைத்தான் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் அதைத் திறந்துவிட்ட இடம் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்!

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடி ஒரு வாசனை விடும், அதைப் பிடித்துக்கொண்டு குளவி வந்து சேரும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஊசி போட்டது போல முட்டை வைக்கும். புழு உள்ளேயே பொரிந்து பூச்சியைத் தின்று வளரும். வெள்ளையாக இருந்த மாவுப்பூச்சி பழுப்பாகி, உப்பி, கெட்டியான கூடாகிவிடும். அதில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே பறக்கும்.

ஆகவே சுருண்ட கொழுந்தைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடாமல், அதைப் பிரித்து உள்ளே பாருங்கள். பழுப்புக் கூடுகள் இருந்தால் குளவி வந்துவிட்டது, பூச்சிமருந்து வேண்டாம். ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்தான் என்றால், தாக்கிய நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, ஏத்தாப்பூர் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலரிடமோ குளவி கேளுங்கள். மழை பிடித்தால் பூச்சி தானாகவே குறையும், வறண்ட வெயில் காலத்தில்தான் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் மரவள்ளிக் குச்சி. பக்கத்துக் காட்டில் சும்மா கிடைக்கிறது என்று குச்சி வாங்கி நட்டால் மாவுப்பூச்சியும் தேமல் நோயும் சேர்ந்தே வரும். இது என் உறுதியான கருத்து: குச்சியில் மிச்சம் பிடிப்பதை விட நட்டம் வேறு இல்லை.

உதவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகத்தோடு இ-சேவை மையத்தில் பதியலாம், கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். மரவள்ளி தோட்டக்கலைத் துறையில் வருகிறது, வேளாண் துறை அலுவலகத்தில் போய் நின்று நாளை வீணாக்காதீர்கள்.

உங்கள் காட்டில் பழுப்புக் கூடு தெரிந்தால் போட்டோ எடுத்து ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். குளவி எந்தெந்த ஊருக்கு வந்திருக்கிறது என்று அடுத்த வீடியோவில் வரைபடமாகக் காட்டுகிறேன்.