ஆச்சியும் வரட்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடைகாலத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வழக்கமாக இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் போகிறவர்களாக இருப்பார்கள். நான் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருப்பவள். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், நாங்கள் எங்கும் போவதில்லை. அதனால் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

முதலில், எப்போது வருவது? பலரும் பள்ளிக்கூடம் பூட்டி, மே மாதம் பிறந்த பிறகுதான் பையைக் கட்டுகிறார்கள். மே நாலாம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும், மாதக் கடைசி வரை வெயில் ஆளை அசைய விடாது. பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாமல் எல்லாரும் ஒரே கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கிடக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் பங்குனிப் பாதியிலிருந்து சித்திரைப் பாதி வரைக்கும் உள்ள நாட்கள்தான் எங்கள் ஊருக்குச் சரியானவை. பிசான நெல் அறுத்து வீட்டுக்கு வந்திருக்கும். தாமிரபரணியில் வெள்ளமும் இருக்காது, வறட்சியும் இருக்காது, தண்ணீர் தெளிந்து ஓடும். நுங்கு இளசாக வரத் தொடங்கியிருக்கும். பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதிலேயே நுங்கையும் போட்டுக் கொடுப்பார்கள். பெரிய விடுமுறை இன்னும் வரவில்லையே என்றால், அதற்குத்தான் சனி ஞாயிறு இருக்கிறது. இரண்டு நாள் போதும். பத்து நாள் தங்கி அலுத்துப் போவதைவிட, இரண்டு நாள் தங்கி "இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போயேன்" என்று சொல்லவைப்பது மேல்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகக் கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே நிலைமை மாறிவிட்டது. 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. அடுத்த வருடம், ஊட்டிக்கு வார நாட்களில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி. கொடைக்கானலுக்கு 4000, சனி ஞாயிறில் 6000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பே வைத்துவிட்டது. எண்ணிப் பார்த்து உள்ளே விடுகிற அளவுக்குக் கூட்டம் என்றால், அங்கே போய்க் குளிர்ச்சியை அனுபவிப்பதா, வண்டி வரிசையை அனுபவிப்பதா? சொந்தக்காரர் வீட்டுக்கு இ-பாஸ் கிடையாது. ஒரு போன் போதும்.

அந்தப் போனை எப்போது செய்வது என்பதுதான் முக்கியம். ரயிலில் ஏறிவிட்டு "காலையில் வந்துவிடுகிறோம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும், அது புளிக்க ஒரு இரவு வேண்டும். ஆறு பேர் வருகிறார்கள் என்றால் பால்காரரிடம் முந்தின நாளே சொல்ல வேண்டும். நான்கு நாள் முன்னால் சொல்லிவிட்டால் வீட்டுப் பெண்களுக்குப் பாதி வேலை குறைந்த மாதிரி.

வருகிறவர்களுக்கு அது விடுமுறை, வீட்டுக்காரர்களுக்கு அது இரண்டு நாள் கல்யாண வீடு. திருநெல்வேலிப் பக்கம் விருந்தாளி வந்தால் சும்மா விடமாட்டோம். காலையில் இட்லி, சாம்பார், இரண்டு சட்னி, கூடவே ஒரு வடை. மத்தியானத்துக்குத் தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்து, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும். சொதிக்குத் தேங்காயைத் துருவி, மூன்று பால் எடுப்பதற்குள் கை கடுத்துப்போகும். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பஜ்ஜி. ராத்திரி "லேசாக ஏதாவது போதும்" என்பார்கள். அந்த லேசான ஏதாவது தோசையாகத்தான் இருக்கும், பத்துப் பேருக்கு ஒவ்வொன்றாக வார்க்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்கிற ஆச்சியையோ, பெரியம்மையையோ, மதினியையோ நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மற்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு பாபநாசம் போய்க் குளித்துவிட்டு, "ஆகா, என்ன தண்ணீர்!" என்று சொல்லிக்கொண்டு பசியோடு திரும்பி வருவார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வீட்டு ஆச்சி அகத்தியர் அருவியில் தலையை நனைத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று கேட்டுப்பாருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் போவதே இல்லை. யாராவது வந்தால் கூடப் போகலாம் என்று இருப்பார்கள், வந்தால் சமையல் வந்துவிடும்.

அதனால் நான் சொல்வது இதுதான். வருகிற இரண்டு நாளில் ஒரு நாள் அந்த வீட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து கிளம்புங்கள். கட்டுச்சோறு கட்டுவோம், அதையும் எல்லாரும் சேர்ந்து. ஒருவர் புளியோதரை கிளறட்டும், ஒருவர் தயிர்ச்சோற்றுக்குத் தாளிக்கட்டும், மருமகப்பிள்ளை தேங்காய் துருவினால் ஒன்றும் குறைந்துவிடாது. தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தலும் மோர்மிளகாயும் வீட்டிலேயே இருக்கும்.

எங்கே போவது? கோடையின் தொடக்கத்தில் குற்றாலத்தை நம்பி வராதீர்கள். அங்கே சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவந்த பிறகுதான், சித்திரையில் பாறை தெரியும். பாபநாசத்து அகத்தியர் அருவி அப்படி இல்லை, வருடம் முழுக்க விழும். மேலே அணையும் மின் நிலையமும் இருப்பதால் ஆற்றுக்கு வருகிற தண்ணீர் நிற்பதில்லை. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துப் பகுதி. 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆகவே வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். எண்ணெய், சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் எதுவும் கூடாது. மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கோடையில் சில நாள் காட்டுத்தீ பயத்தால் உள்ளே விடாமலும் இருப்பார்கள், புறப்படுமுன் விசாரித்துவிட்டு வாருங்கள். காலை ஏழு மணிக்குக் குளித்தால் அது ஒரு சுகம். பதினொரு மணிக்குப் போனால் கூட்டமும் வெயிலும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்புறம் அதை மூட்டை மூட்டையாக யாரோ அள்ளுகிறார்கள். குளிக்கிறவர்கள் காலில் சேலை சுற்றுகிறது. பாவத்தைத் தொலைக்க ஒருவர் வந்தால், அந்தத் துணி கீழே இருக்கிற எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வந்து சேர்கிறது. தயவுசெய்து துணியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி வருகிறீர்கள் என்றால் பாபநாசநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழா நடக்கும். அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பது ஐதீகம். ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். அன்று காலையில் வீட்டில் கனி காண்பது உண்டு. முந்தின இரவே பழமும் பூவும் நகையும் கண்ணாடியும் வைத்துவிட்டு, விடிந்ததும் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து காட்டுவோம். ஊரில் வளராத பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும்.

அதற்கு முன்னாலேயே வருகிற பங்குனி உத்திரத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். எங்கள் தென்மாவட்டங்களில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன்னுடைய சாஸ்தா கோயிலுக்குப் போகும். பாதிக் கோயில்கள் ஊருக்கு வெளியே, குளத்தங்கரையிலும் முள்காட்டுக்கு நடுவிலும் இருக்கும். மற்ற நாளில் ஆள் நடமாட்டமே இருக்காது. அன்று மட்டும் மரத்துக்கு மரம் வண்டி நிற்கும், அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். எங்கெங்கோ பிரிந்துபோன பங்காளிகள் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். "நீ யார் மகன்லே?" என்று ஒரு தாத்தா கேட்பார். பையன் அப்பா பேரைச் சொல்வான், தாத்தா அவனுடைய பாட்டனார் வரைக்கும் போய்விடுவார். சொந்தங்களைத் தனித்தனியாக வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதற்குப் பதில் அன்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். எந்த ஒரு வீட்டு அடுக்களைக்கும் தனியாகச் சுமை விழாது. முன்னோர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

வயதானவர்களை அழைத்துப்போக அருவி சரிப்படாது என்றால் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம். கரையில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள்ளே அடுக்கடுக்காக நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. மேலே ஏறுவதற்கு அனுமதி கேட்க வேண்டும், படியும் குறுகல். ஆச்சிகள் கீழேயே இருக்கட்டும், ஏனென்றால் கீழேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. கரையிலுள்ள பெரிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் பறவைகளைத் தொந்தரவு செய்ய விடுவதில்லை. 2005-ல் அரசே அதைப் பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. கோடைத் தொடக்கம் குஞ்சுகள் வளர்கிற காலம். பிள்ளைகள் கத்தாமல் இருந்தால் நன்றாகப் பார்க்கலாம், கத்தாமல் இருப்பார்களா என்பது வேறு விஷயம்.

கார் இல்லாதவர்கள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஜன்னல் ஓரம் பிடித்தால் பொதிகை மலை கூடவே வரும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், அப்புறம் கடையம். கடையம் பாரதியாருக்கு மாமனார் ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி இங்கேதான் வந்தார், 1920 வரைக்கும் இருந்தார். மாமியார் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் மரியாதை போய்விடும் என்று சொல்கிற மாப்பிள்ளைகள் கவனிக்க.

ஆற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று நினைத்து இறங்காதீர்கள். மணல் அள்ளிய இடங்களில் ஒரே எட்டில் ஆளையே மூழ்கடிக்கிற பள்ளம் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நகரத்துப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் பழகியவர்கள், ஓடுகிற தண்ணீரும் வழுக்குப் பாறையும் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் குளியுங்கள். "அங்கே இறங்காதே" என்று துணி துவைக்கிற அம்மா ஒருவர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காதீர்கள்.

டிக்கெட் விஷயம். ரயிலில் இப்போது 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸுக்கும், திரும்ப ஞாயிறு இரவுக்கும்தான் மோதுகிறார்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு வியாழன் இரவே கிளம்புங்கள், சனி இரவு திரும்பிவிடுங்கள். ஞாயிறு உங்கள் வீட்டில் துணி துவைத்து ஓய்வெடுக்கலாம். நாங்களும் எங்கள் வீட்டில் கொஞ்சம் காலை நீட்டிக்கொள்வோம். விருந்தாளியை இப்படிச் சொல்லலாமா என்று நினைக்காதீர்கள். எல்லா வீட்டிலும் மனதுக்குள் சொல்வதுதான், நான் வானொலியில் சொல்கிறேன்.

வரும்போது இனிப்புப் பெட்டி வாங்கி வர வேண்டாம், எங்கள் ஊரில் அல்வாவுக்கா பஞ்சம்? ஆச்சிக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்தோ, முட்டிக்குத் தைலமோ வேண்டுமா என்று கேட்டு, ஊரில் கிடைக்காத ஒன்றை வாங்கி வாருங்கள். போகும்போது நாங்கள் சும்மா அனுப்பமாட்டோம். கல்லிடைக்குறிச்சி அப்பளம், கூழ்வத்தல், சுண்டவத்தல், ஒரு சீப்பு நாட்டுப்பழம், முடிந்தால் இரண்டு படி புது அரிசி. "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லி ரயிலுக்கு நேரமாகும்போது வாசலில் நின்று இழுபறி செய்யாமல், ஒரு காலிப் பை கூடுதலாகக் கொண்டுவந்துவிடுங்கள்.

வணக்கம்.