கதிர் படும்போது கசியும் பிளாஸ்டிக்

(மதுரையில் மின்பொறியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வயரிங் முடிந்ததும் மெகர் (காப்புத்தடையை அளக்கும் கருவி) போட்டுப் பார்ப்பது உங்களுக்குப் பழக்கம். முள் இன்ஃபினிட்டியைத் தொட்டால் 'இன்சுலேஷன் நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். வீட்டுக்கு அது போதும். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் சிகிச்சை அறையில் இருக்கும் அளவுக் கருவிக்கோ, கூடங்குளத்தில் உலைக் கட்டடத்துக்குள் ஓடும் கேபிளுக்கோ போதாது. கதிர் படுகிற நேரத்தில் பிளாஸ்டிக் நடந்துகொள்வது ஒரு விதம், கதிரை நிறுத்திவிட்டு அளந்தால் தெரிவது இன்னொரு விதம்.

பாலித்தீனில் ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து ஓடவிட 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் வேண்டும். அறை வெப்பம் தருவதோ 0.025 சொச்சம். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலும் அதில் பெரிய மாற்றம் செய்யாது. அதனால்தான் அது காப்பான் (இன்சுலேட்டர்). கோபால்ட்-60 விடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அவற்றில் ஒன்று மோதினால் வேகமான எலக்ட்ரான் ஒன்று கிளம்பி, போகிற வழியில் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்–துளை ஜோடிகளை (துளை என்றால் எலக்ட்ரான் போய்விட்ட காலி இடம்) உண்டாக்கும். பெரும்பாலானவை கண் இமைப்பதற்குள் மறுபடி சேர்ந்துவிடும். தப்பிக்கிற சிலதான் மின்னோட்டமாக நமக்குத் தெரிகின்றன.

அந்தச் சிலவும் நேராக ஓடுவதில்லை. அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு வரும் கள்ளழகரை நினைத்துக்கொள்ளுங்கள். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வழியெல்லாம் மண்டகப்படி. நிற்கிற நேரம்தான் கணக்கு. பாலிமரிலும் (பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்) சங்கிலி முனைகள், கிளைகள், ஆக்ஸிஜன் ஏறிய இடங்கள், கலந்துவிட்ட சேர்மானங்கள் எல்லாம் மின்னூட்டம் மாட்டிக்கொள்ளும் பொறிகள். சூடு ஏறினால் சீக்கிரம் விடுபடும். ஆழமான பொறியில் விழுந்தால் நாள்கணக்கில் கிடக்கும்.

1956-இல் ஃபவுலர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் பல பாலிமர்களை எக்ஸ் கதிரில் வைத்து அளந்த வேலை இந்தத் துறைக்கு அடிப்படை. (பின்னாளில் கதிர்சிகிச்சையின் உயிரியலில் பெரும்பெயர் எடுத்தவரும் அவரேதான்.) அவர் கண்ட உறவு இது: கதிரால் வரும் கடத்துத்திறன், டோஸ் வீதத்தின் (நொடிக்கு எவ்வளவு கதிர் உள்வாங்கப்படுகிறது என்பதன்) ஓர் அடுக்குக்கு (எக்ஸ்போனென்ட்) ஏற்ப ஏறும். அந்த அடுக்கு பெரும்பாலும் 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். டோஸ் வீதத்தை 100 மடங்கு கூட்டினால், அடுக்கு 1 உள்ள பொருளில் கடத்துத்திறன் 100 மடங்கு ஆகும், 0.5 உள்ளதில் 10 மடங்குதான். மின்னூட்டங்கள் கூடக்கூட, ஒன்றையொன்று சந்தித்து அழிவதும் கூடிவிடுகிறது, அதனால்தான். பொறிகளின் ஆழம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை இந்த ஓர் எண்ணே காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால், டேட்டாஷீட்டில் ஒற்றை ரெசிஸ்டிவிட்டி எண்ணை மட்டும் போடுவது பாதி உண்மை.

சரி, கதிரை நிறுத்தினால்? மின்னோட்டம் சட்டென்று கொஞ்சம் விழும். அப்புறம் வால் மாதிரி நீண்டு மணிக்கணக்கில், சிலவற்றில் நாள்கணக்கில் இறங்கும். சிகிச்சை டோஸை அளக்கும் 0.6 கன சென்டிமீட்டர் அயனிக்கூடத்தை (கதிர் பட்டால் உள்ளிருக்கும் காற்றில் உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எடுங்கள். நிமிடத்துக்கு 1 கிரே (டோஸை அளக்கும் அலகு) என்றால் அதில் வருவது சுமார் 0.35 நானோ ஆம்பியர். இவ்வளவு சின்ன ஓட்டத்தில் காப்பானின் கசிவு கலந்தால் நோயாளிக்குப் போகும் டோஸே தப்பாகத் தெரியும்.

நிரந்தரச் சேதம் தனிக் கதை. பாலித்தீனில் சங்கிலிகள் குறுக்கே பிணையும். டெஃப்லானில் அறுந்துபோகும், சில ஆயிரம் கிரேயிலேயே பலம் குறைய ஆரம்பிக்கும். பாலிஇமைடு மில்லியன் கிரே கணக்கில் தாங்கும். காற்றில் வைத்துக் கதிரூட்டினால் ஆக்ஸிஜனும் சேர்ந்து கெடுக்கும்.

கேபிள்காரர் திட்டுகிற இந்தக் கசிவை செயற்கைக்கோள்காரர் வரவேற்பார். விண்வெளி எலக்ட்ரான்கள் காப்பானுக்குள் புகுந்து தேங்கினால் ஒருநாள் தீப்பொறி பறந்து வெடிக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சில மணி நேர இடைவெளியில் கட்டுப்பாடு இழந்ததற்கு இத்தகைய உள்வெடிப்பையே காரணமாகச் சொல்கிறார்கள். கதிர் தானே உண்டாக்கும் கடத்துத்திறன், தேங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடும். அதனால் விண்கலத்துக்குப் போகும் பிளாஸ்டிக்கை வெற்றிடத்தில், குளிரவைத்து, எலக்ட்ரான் கற்றை பட்டுக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். வெளியே எடுத்து மெகர் போட்டால் நமக்கு வேண்டிய எண் கிடைக்காது.