எதற்காக அதிபராக வேண்டும்? 1980, கார்ட்டரும் கென்னடியும்

வணக்கம் நண்பர்களே. பதவியில் இருக்கிற அமெரிக்க அதிபரை அவர் கட்சிக்காரரே எதிர்த்து நிற்க முடியுமா? தாராளமாக முடியும். அங்கே வேட்பாளர் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வருவதில்லை. மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போட்டு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புகிறார்கள். அதிபரும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1980இல் ஜிம்மி கார்ட்டர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

எதிர்த்தவர் அதே ஜனநாயகக் கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடி, அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தம்பி. இரண்டு அண்ணன்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். 1979இல் விலைவாசி எகிறிக்கிடந்தது, பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்றன. மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் கார்ட்டர் மெதுவாகப் போகிறார் என்று கென்னடிக்குக் கோபம். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்தால் கார்ட்டரைவிட அவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆதரவு.

அப்போதுதான் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ராஜர் மட் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எதற்காக அதிபராக விரும்புகிறீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. கென்னடி தடுமாறினார். இந்த நாட்டின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார், இயற்கை வளங்கள் இருக்கின்றன என்றார், எங்கெங்கோ சுற்றினார். அந்தக் காட்சியை இந்த வாரம் மூன்று தடவை பார்த்தேன். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. பதில் தெரியாத மனிதர் இல்லை அவர். இவ்வளவு அடிப்படையான ஒன்றைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அதுதான் தெரிகிறது.

அது ஒளிபரப்பான நாள் 1979 நவம்பர் 4. அதே நாளில் ஈரான் தலைநகர் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்து, உள்ளே இருந்தவர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். நாடு அதிபர் பின்னால் திரண்டது. கார்ட்டர் ஊர் ஊராகப் போகாமல் வெள்ளை மாளிகையிலேயே இருந்தார். ஐயோவா மாநில உட்கட்சி ஓட்டெடுப்பில் 59க்கு 31 சதவீதம் என்று கென்னடியைச் சாய்த்தார்.

அப்புறம் மாதங்கள் போயின, கைதிகள் வரவில்லை, பொறுமை கரைந்தது. மார்ச்சில் நியூயார்க் கென்னடி பக்கம் வந்தது, ஜூன் 3இல் கலிபோர்னியாவும் வந்தது. ஆனால் அதற்குள் கார்ட்டரிடம் போதுமான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள். பிரதிநிதிகளை அவரவர் விருப்பப்படி ஓட்டுப் போட விடுங்கள் என்று மாநாட்டில் கென்னடி தரப்பு கேட்டுப் பார்த்தது. அதுவும் தோற்றது. அன்று இரவே விலகினார்.

மறுநாள், ஆகஸ்ட் 12, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பேச எழுந்தார். நான் இந்த வீடியோ போடுவதே இந்தப் பேச்சுக்காகத்தான். மேற்கு வர்ஜீனியாவில் கண்ணாடி ஊதும் தொழிலாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். 35 வருட வேலை போய்விட்டது, பென்ஷன் கிடைக்க இன்னும் மூன்றே வருடம், பத்துப் பிள்ளைகள். ஓக்லாந்தில் ஒரு பாட்டி. வாடகை கட்டுவதற்காக டெலிபோனை எடுத்துவிட்டாள், இனிப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட வழியில்லை. எதற்காக அதிபராக வேண்டும் என்ற கேள்விக்கு இதுதானே பதில்! ஒன்பது மாதத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு முகத்தைக் காட்டியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகஸ்ட் 14, கடைசி நாள். கார்ட்டர் ஏற்புரையில், மறைந்த தலைவர் ஹூபர்ட் ஹம்ப்ரியின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டார். கூரையிலிருந்து கொட்ட வேண்டிய பலூன்கள் சிக்கிக்கொண்டன. தாமதமாக மேடையேறிய கென்னடி கை குலுக்கினார். இருவரும் கை கோத்து உயர்த்தும் அந்த ஒரு படத்துக்காக அரங்கமே காத்திருந்தது. கார்ட்டர் அவர் பக்கத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கிறார். கென்னடி கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிறார், அப்படியே இறங்கிப் போய்விடுகிறார்.

கென்னடியால்தான் கார்ட்டர் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகனிடம் தோற்றார் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்குள் ஏற்கெனவே விரிசல் இருந்தது, கென்னடி அதன் வழியாக உள்ளே வந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த மேடையில் கையைப் பிடித்து உயர்த்தியிருக்க வேண்டும். அது அவர் தவறு.

1980 நவம்பர் 4, தேர்தல் நாள். டெஹ்ரான் சம்பவம் நடந்து சரியாக ஒரு வருடம். அதிபர் யார் என்பதை முடிவு செய்கிற, மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளில் ரீகனுக்கு 489, கார்ட்டருக்கு 49. கென்னடி அதன்பின் அதிபர் பதவிக்கு நிற்கவில்லை. 2009இல் இறக்கும்வரை செனட்டில் இருந்தார், மருத்துவக் காப்பீட்டை விடவே இல்லை.