செல்லுக்கு வெளியே ஒரு சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவர் வருகிறார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கணுவில் மின்னோட்டம் ஒரே வட்டமாகச் சுற்றுகிறது. கையின் ரத்தக் குழாயில் அடினோசின் என்ற மருந்தை 6 மில்லிகிராம் சட்டென்று ஏற்றி, பின்னாலேயே சலைனையும் தள்ளுவோம். "கொஞ்ச நேரம் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்கய்யா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று முன்பே சொல்லிவிடுவேன். திரையில் கோடு சில நொடிகள் படுத்துவிடும். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, அப்புறம் சீரான ஓட்டம். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சில நொடிகள் எனக்கு நீளமானவைதான்.

அந்தக் கணுவில் அடினோசினுக்கென்றே ஓர் ஏற்பி, அதாவது செல்லின் மேல் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம், இருக்கிறது. அதுதான் மின்னோட்டத்தை நிறுத்திவைக்கிறது. மூளையிலும் இதே கதைதான். விழித்திருக்க விழித்திருக்க அங்கே அடினோசின் தானாகவே சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, காபியில் இருக்கும் கஃபீன் முந்திக்கொண்டு அந்த ஏற்பிகளில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் அடினோசின் கொடுத்துச் செய்யும் இதயப் பரிசோதனைக்கு முன் காபி, டீ வேண்டாம் என்கிறோம்.

அடினோசினோடு மூன்று பாஸ்பேட் சேர்ந்தால் ஏ.டி.பி. செல்லுக்குச் சக்தி தருவது என்று பள்ளியில் படித்தது. அது செல்லுக்கு வெளியே வந்து சேதியும் சொல்லும் என்று 1972-ல் எழுதியவர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்ற விஞ்ஞானி. மெல்போர்னில் கினிப் பன்றியின் குடல் தசையை ஆராய்ந்தபோது, குடல் நரம்புகளில் அன்று தெரிந்திருந்த இரண்டு கடத்திகளையும், அதாவது தசைக்குச் சேதி சொல்லும் ரசாயனங்களையும், தடுத்த பிறகும் தசை நரம்புக்குப் பதில் சொன்னது. அதைச் செய்வது ஏ.டி.பி.தான் என்றார். இவ்வளவு விலைமதிப்புள்ள சரக்கை உடல் வெளியே கொட்டுமா என்று பலர் நம்பவில்லை. இருபது ஆண்டு கழித்து ஏற்பிகளின் மரபணுக்களே கையில் கிடைத்தபோது வாதம் அடங்கியது. அடினோசின், ஏ.டி.பி. வகைச் சேதிகளை வாங்கும் இந்தக் குடும்பத்தில் இன்று 19 ஏற்பிகள். அவர் கடைசிவரை விடாமல் உழைத்தவர் என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

செல் நசுங்கினால் ஏ.டி.பி. கொட்டும், பக்கத்து நரம்பு நுனி தன் ஏற்பியால் அதை வலியாக உணரும். தொண்டை நரம்பில் உள்ள அதே வகை ஏற்பி, மாதக்கணக்கில் விடாத வறட்டு இருமலுக்கும் துணைபோகிறது. அதைத் தடுக்கும் கெஃபாபிக்சன்ட் மாத்திரைக்கு ஜப்பானில் 2022-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் சாப்பிடுபவர் பலருக்கு நாக்கில் ருசி மாறிப்போகிறது. நாக்கு ருசியைச் சொல்லியனுப்புவதும் அந்த ஏற்பி வழியாகத்தான்!

கடைசியாக, இதய ரத்தக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நேயர்களுக்கு. ஏ.டி.பி. ஒரு பாஸ்பேட்டை இழந்தால் டைபாஸ்பேட். ரத்தத் தட்டணுக்கள் இதை உமிழ்ந்துதான் ஒன்றையொன்று கூப்பிட்டு, ஒட்டிக்கொண்டு, கட்டியாகின்றன. நீங்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் அந்தக் கூப்பாடு காதில் விழாமல் ஏற்பியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட தட்டணு சாகும்வரை அடைபட்டதுதான். ஆனால் புதிய தட்டணுக்கள் தினமும் பிறக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் அவை ஸ்டென்டுக்குள் கட்டியாகலாம். "பல் பிடுங்கணும்னு நானே நிறுத்திட்டேன் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு, மாரடைப்போடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். பல் வைத்தியரிடம் போவதற்கு முன், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு நடை போய் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.